ஐந்து நாற்பது மேடவாக்கம் பஸ்

இல்லாத ஒரு பஸ்ஸை இரண்டு வருஷமாக நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்திலிருந்து மேடவாக்கத்துக்கு, தினமும் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு. அதைப் பிடிக்கப் போன ஓர் அம்மாள் வீடு திரும்பவில்லை. இதை எழுதும் இன்றுவரை திரும்பவில்லை. யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் கணவரிடம் ஆரம்பித்தால், "நீ ஏன் அதையே போட்டுக் கொழப்பிக்கிற" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.

கேளம்பாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் நூலகர். கல்லூரி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். ஏசி உண்டு, சாய்ந்து தூங்கலாம். நான் அதில் ஏறுவதில்லை. அரசு பஸ்ஸில், இரண்டு இடத்தில் மாறி, நின்றுகொண்டு போவேன். "மேடத்துக்கு என்ன வேண்டுதலா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். வேண்டுதல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரைத் தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி கிடையாது. எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள், எங்கே நடைபாதை திடீரென்று முடிந்துபோகிறது, எந்தத் தெருவைத் தோண்டி எத்தனை மாசமாக மூடவில்லை எல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எங்கள் நூலகத்தில் நகரமைப்புப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி இருக்கிறது. அதிலிருந்து புத்தகம் எடுத்துப்போகும் ஒரே ஆள் நான். எனக்கு நானே கொடுத்து, எனக்கு நானே திரும்ப வாங்கிக்கொள்வேன்.

அரசியலும் பேசுவேன், ஆனால் கட்சி அரசியல் இல்லை. எந்தச் சின்னத்தோடு யார் வந்து கும்பிட்டாலும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பஸ் எப்போது வரும்? மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். மேம்பாலத்தில் நான் எங்கே நின்று கை காட்டுவது? இப்படிக் கேட்டுக் கேட்டு, வார்டு கூட்டத்தில் நான் எழுந்தாலே மைக்கை அணைத்துவிடும் அளவுக்குப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

என்னைப் போலக் கிறுக்குப் பிடித்தவர்கள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். செல்போனில் ஒரு குழு. அதில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எந்தத் தடத்துப் பஸ்ஸில் போய்ப் படித்து வளர்ந்தார்களோ அந்த எண்தான் பெயர். நான் தொண்ணூற்றொன்பது. பெருங்களத்தூரில் இருக்கிற ஒரு ரயில்வே ஊழியர் இருபத்தொன்று ஜி. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது அல்லவா, அதில் எங்கள் பக்கத்துப் பஸ் தடங்களை வரைவது எங்கள் வேலை. கூலி கிடையாது, நன்றி கிடையாது. செல்போனில் பஸ் நேரம் காட்டும் செயலி அந்த வரைபடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எங்களுக்குள் ஒரு கண்டிப்பான வழக்கம். ஒரு தடத்தை மூன்று வெவ்வேறு நாளில் ஏறிப் போய்ப் பார்த்த பிறகுதான் வரைய வேண்டும்.

அந்த வழக்கத்தை நான் மீறினேன்.

மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கு உள்தெருக்கள் வழியாக ஒரு சின்ன பஸ் வேண்டும் என்று ஐந்து வருஷம் மனு எழுதியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள், வரும் வரும் என்று நம்பி, ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு கம்பம் நட்டு நிறுத்தம் என்று பலகைகூட மாட்டிவிட்டார்கள். ஒருநாள் நிஜமாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளோட்டம். முன்பக்கம் இரண்டு வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய். கவுன்சிலர் கொடியசைத்தார். நான் முதல் வரிசை ஜன்னலோரம். மேடவாக்கம் போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே போனேன், வெட்கமே இல்லாமல். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வரைபடத்தைத் திறந்து, தடத்தையும் நிறுத்தங்களையும், பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த நேரத்தையும் ஏற்றினேன். மூன்று நாளாவது, வழக்கமாவது. என் பஸ் ஐயா, என் பஸ்.

மறுநாள் அது வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சாக்கடைக்குத் தோண்டுகிறார்கள் என்றார்கள். தோண்டி மூடிய பிறகு, திருப்பம் குறுகல் என்றார்கள். அப்புறம், ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போன ஃபைல் கீழே வந்து நான் பார்த்ததில்லை. உடனே நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: வரைந்ததை அழிப்பது. இரண்டு தட்டில் முடிகிற காரியம். நான் செய்யவில்லை. அழித்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. பஸ் ஊரில் ஓடாவிட்டால் என்ன, என் வரைபடத்தில் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது ஓடுவதை முதலில் பார்த்தது ஐப்பசியில், நல்ல மூட்டமான ஒரு சாயங்காலம். வேலை முடிந்து பெரிய ரோட்டில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். நிறுத்தத்துக் கம்பத்தின் கீழே நின்று, விளையாட்டாகச் செயலியைத் திறந்தேன். நான் ஏற்றிய நேரக்கணக்கை வைத்து, மேடவாக்கம், மூன்று நிமிடம் என்றது. இரண்டு நிமிடம். ஒரு நிமிடம். ரோடு காலி. நடுரோட்டில் நாலு நாய்கள் படுத்திருந்தன. "வந்துவிட்டது" என்று திரையில் எழுத்து வந்த அதே நேரம் நாலும் எழுந்து ஓரமாக ஒதுங்கின. எதுவும் வரவில்லை. காற்றுகூட அசையவில்லை. அரை நிமிஷம் கழித்து நாய்கள் திரும்ப வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டன. "புறப்பட்டது" என்றது செயலி.

தினமும் அந்த நேரத்துக்கு அந்த வழியாக ஒரு தண்ணீர் லாரி போகும். நாய்களுக்கு அந்தப் பழக்கம். அன்றைக்கு லாரிக்கு விடுமுறையோ என்னவோ. இதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்வது. அந்த நிமிஷத்தில் எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்று ஏறியது. பயத்துக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். பஸ் புறப்பட்டதும் அந்தச் செயலி, "கூட்டம் எப்படி?" என்று பயணிகளிடம் கேட்கும். ஏறியவர்கள் பதில் அழுத்தலாம். அன்றைக்கான பதில் இல்லை, ஆனால் அதற்கு முன்னால் என் பஸ்ஸுக்கு யாரோ பதில் அழுத்தியிருந்தார்கள். இருக்கை உள்ளது. முந்தைய நாள் ஐந்து நாற்பத்தொன்றுக்கு இருக்கை உள்ளது. அதற்கு முந்தைய நாளும். விரலால் தள்ளத் தள்ள அதே வரி கீழே போய்க்கொண்டே இருந்தது.

யார் என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது. நான் மறுபடி அந்த நேரத்துக்கு வந்த ஒரு நாளில் கம்பத்தடியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கைப்பை, கையில் சாப்பாட்டுக்கூடை, செல்போன் என்று ஓர் அம்மாள். பக்கத்தில் செருப்புக்காலோடு அவர் கணவர். எங்கள் காலனியின் இரண்டாவது தெரு அடுக்ககத்தில் இருக்கிறவர்கள். முகம் பழக்கம், பேசியதில்லை.

"நீங்களும் மேடவாக்கமா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லைங்க, வீட்டுக்குப் போறேன்."

"எனக்கு லேட் ஆயிடுச்சு. பெல் அடிச்சிட்டா ஹெச்.எம். சைன் போட விடமாட்டாங்க."

சாயங்காலம் ஐந்து முப்பத்தெட்டு. எந்தப் பள்ளிக்கூடம்? நான் அவர் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே, ஒன்றும் கேட்காதே என்றார். திரையில் "வந்துவிட்டது" என்று வந்ததும் அந்த அம்மாள் புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு, வலதுகாலை ஒரு படி உயரத்துக்கு எடுத்து முன்னால் வைத்தார். நின்றார். செல்போனில் ஏதோ அழுத்தினார். "நல்லவேளை, கூட்டமே இல்ல" என்றார் என்னைப் பார்த்து.

மனைவியை நாலெட்டு வீட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போன பிறகு, அந்த மனிதர் மட்டும் திரும்பி வந்து சொன்னார். "முப்பது வருஷம் மேடவாக்கத்துல டீச்சரா இருந்தாம்மா. இப்ப எல்லாம் மறந்துடுச்சு, ஸ்கூலுக்குப் போறது மட்டும் மறக்கல. சாயந்திரம் ஆனா கிளம்பியே ஆகணும். கதவைப் பூட்டினா தலையைச் செவுத்துல மோதிக்கறா. இந்த பஸ் ஒண்ணு போன்ல வருது. வந்து நிப்போம், அது போயிடும். அவளுக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆயிடுது. நல்லா தூங்கறா. யார் செஞ்ச புண்ணியமோ."

நான்தான் சார் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்தேன் என்றா சொல்வது, மிதந்துகொண்டு போனேன். வேறு தேசத்தில் எங்கோ, மறதி வந்தவர்களைப் பராமரிக்கும் விடுதி வாசலில், பஸ் வராத நிறுத்தம் ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பதாகப் படித்திருக்கிறேன். வெளியே கிளம்புகிறவர்கள் அங்கே உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் கிளம்பியதையே மறந்துவிடுவார்களாம். ஐந்து வருஷ மனுவில் நடக்காதது வரைபடத்தில் போட்ட ஒரு பொய்க்கோட்டில் நடந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். குழுவில் எழுதினேன். இருபத்தொன்று ஜி மட்டும் உடனே திட்டினார். "அந்த இடத்துல வாசல்ல நர்ஸ் இருப்பாங்க, நைன்ட்டி நைன். உங்க ஸ்டாப்ல யார் இருக்கா? அழிச்சிடுங்க." பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த வருஷம் கார்த்திகையில் அது நடந்தது. தூறல் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் கம்பத்தடியில் நின்றிருக்கிறார்கள். குடை எடுத்து வருகிறேன், இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு கட்டடம் தள்ளித்தான் வீடு. திரும்பி வந்தபோது கம்பத்தடியில் யாரும் இல்லை.

எதிர்ப்பக்கம் மருந்துக்கடை. அதன் கேமராவில் நிறுத்தம் தெரியும். போலீஸ் பார்த்துவிட்டுப் போன பிறகு நானும் போய்க் கேட்டேன். கடைக்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர், எதற்கும் அசராத ஆள். அன்றைக்கு அவர் முகமே சரியில்லை.

"நீயே பாருக்கா. இங்க நின்னுகினு கீறாங்களா? இப்ப தண்ணி லாரி வருது பாரு. நடுவுல மறைக்குது. போயிடுச்சா? இப்ப பாரு, ஆளக் காணோம்."

"லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டானா?"

"லாரி நிக்கவே இல்லக்கா. அந்த டிரைவரையும் இட்டாந்து விசாரிச்சிட்டாங்க. அவன் ஒண்ணும் பாக்கலன்றான். பின்னால முள்ளுக்காடு, அதுக்குள்ள பூந்து போயிருந்தா கிளையாவது ஆடும்ல? நானும் பத்து வாட்டி பாத்துட்டேன். ஒரே பேஜாரா கீது."

நான் ஒரு வாட்டிதான் பார்த்தேன். அதில் அவர் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். லாரி வந்து மறைப்பதற்கு முன், அந்த அம்மாள் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைக்கிறார். எப்போதும் நின்றுவிடுகிற இடத்தில் அன்றைக்கு நிற்கவில்லை. இடதுகையை மேலே நீட்டி, பஸ் படியில் கம்பியைப் பிடிப்பது போல எதையோ பிடிக்கிறார். அதற்குள் லாரி. மூலையில் நேரம் ஐந்து நாற்பது என்று இருந்தது.

ஏரியில் படகு விட்டுத் தேடினார்கள். ஏரி ஒன்றும் தரவில்லை. முள்ளுக்காட்டில் தேடினார்கள். மேடவாக்கத்தில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் வரை போனார்கள். செல்போன் அணைந்திருந்தது. தாம்பரம் ரயில் நிலையத்தில், பஸ் நிலையத்தில், கேளம்பாக்கம் சந்திப்பில் எல்லாம் அவர் படத்தை ஒட்டினோம். நானும் ஒட்டினேன், பசை வாளியைத் தூக்கிக்கொண்டு. யார் வைத்த நிறுத்தம், யார் வரைந்த பஸ் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. குற்றவாளி முதல் ஆளாக வந்து உதவி செய்வான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அது உண்மைதான்.

ஒரு வாரம் செயலியைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தேன். அந்த அம்மாள் காணாமல் போன நாளில், ஐந்து நாற்பத்தொன்றுக்கு: இருக்கை உள்ளது. சரி, கையில் செல்போன் இருந்தது, பழக்கத்தில் அழுத்தியிருப்பார். மறுநாள் ஐந்து நாற்பத்தொன்றுக்கு: இருக்கை உள்ளது. அதற்கு மறுநாளும். நேற்றும். வேறு யாராவது அழுத்தியிருக்கலாம். அந்த வழியே போகிற எவனாவது வேலையற்றவன் அழுத்தியிருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அப்புறம் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறை விளக்கைப் போட்டேன்.

அழித்துவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தேன். வீட்டில் உட்கார்ந்து அழிக்க மனசு வரவில்லை. போட்ட இடத்துக்கே போய் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் ஐந்தரைக்கு ஏரிக்கரைத் திருப்பத்துக்குப் போனேன். அவர் அங்கே நின்றிருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு. தினமும் வந்து நிற்கிறாராம்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. "சார், அந்த பஸ்ஸை மேப்ல போட்டது நான்தான். ஒரே ஒரு நாள் ஓடிச்சு சார். அதுக்கப்புறம் ஓடவே இல்ல. நான் எடுத்திருக்கணும். எடுக்கல. என் வீம்பு. என்னாலதான்..."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையை நீட்டி, "காட்டும்மா" என்றார். அவரிடம் இருந்தது பட்டன் போன். என் செல்போனை வாங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் வரைந்த கோட்டின் மேல் விரலை வைத்தார். ஏரிக்கரையில் ஆரம்பித்து ஒவ்வொரு நிறுத்தமாக, பெயரை வாய்க்குள் படித்துக்கொண்டே மேடவாக்கம் வரை போனார். அங்கே விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே எதையோ தேடினார்.

"இதுல போற பஸ் மட்டும்தாம்மா இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"திரும்பி வர்ற பஸ் போடலியேம்மா. அவ எதுல வருவா?"

கோபமாகக் கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் கேட்பது போலத்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். அவர் சொன்னது நிஜம். ஒரு தடத்தை ஏற்றும்போது நாங்கள் எல்லோரும் போகிற திசையைத்தான் முதலில் போடுவோம். வருகிற திசைக்கு அதே நிறுத்தங்களைத் தலைகீழாக அடுக்க வேண்டும், அலுப்புப் பிடித்த வேலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். நான் இரண்டு வருஷமாக நாளைக்கு என்று விட்டிருந்தேன். ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், எங்கும் திருப்பி இறக்காத பஸ்ஸை ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் கம்பத்தடியிலேயே நின்று, போகிற பஸ்ஸை அழித்தேன். இனி அந்த நிறுத்தத்திலிருந்து யாரும் எங்கும் போக முடியாது. அதோடு முடித்திருக்கலாம். அவர் என் பக்கத்திலேயே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருகிற பஸ்ஸைப் போட ஆரம்பித்தேன். மேடவாக்கத்தில் ஆறு மணி ஐந்து. ஒவ்வொரு நிறுத்தமாகத் தலைகீழாக. ஏரிக்கரைத் திருப்பம், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், ஆறு முப்பது. தெரிந்தே போட்ட பொய். எங்கள் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. என்றைக்காவது யாராவது பார்த்து நீக்கிவிடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

"ஆறரைக்கா?" என்றார் அவர். "அப்ப அந்தப் பக்கம் நிக்கணும்."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. மருந்துக்கடையில் விளக்குப் போட்டார்கள். கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். மூன்று நிமிடம் என்றது செயலி. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இரண்டு. இந்தப் பஸ்ஸைச் சற்று முன்னால் நான்தான் உண்டாக்கினேன், அதில் யாரும் இல்லை, அது வரப்போவதும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேடவாக்கம் பக்கத்து வளைவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"வந்துவிட்டது" என்று எழுத்து வந்தது. அவர் ஓரடி முன்னால் போய், உயரமான படியிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கொடுப்பது போல வலதுகையைத் தூக்கி நீட்டினார்.

இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன்.